காக்கையைக் காட்டிக்கொடுத்த வி.ஏ.ஓ.

ஹேஸ்டிங்ஸ்,
நியூசிலாந்து.
5-11-2009, வியாழன், பகல் மணி இரண்டு.

சிதம்பரம் வடக்கு வீதியில் இருக்கும் அன்பு மச்சான் சுப்பிரமணியனுக்கு, உன் அக்காள் புருஷன் கோவிந்தசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகன் ராஜவேலும் மருமகள் இசைவாணியும் உடம்பளவில் சுகம். அங்கு நீயும் தங்கச்சி செல்லாயியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கத் தில்லை நடராசரை வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று எழுதியது கடித மரியாதைக்காக. உண்மை நிலவரம் என்னவென்றால், காலையிலிருந்து மூன்று பேரும் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் உட்கொள்ளவில்லை. இன்று உன் அக்கா ராசம்மாளின் முதல் வருஷத் திதி. சோறு, சாம்பார், பொரியல், வடை, பாயசம் எல்லாம் மேசை மேல் ஆறிப்போய் இருக்கிறது. காக்கை எடுக்கவில்லை. காக்கை எடுக்காமல் நாங்கள் எப்படிச் சாப்பிடுவது? எடுக்காததற்குக் காரணம் வேறு யாருமில்லை, நான்தான். வடை வாசனை மூக்கைத் துளைக்கிறது; அதோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன், ராஜவேல் அடுத்த அறையில் இருக்கிறான். தவிர, இருபத்தேழு வருஷம் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் வி.ஏ.ஓ.வாகக் குப்பை கொட்டியவன் நான். ஒரு விஷயம் காகிதத்தில் ஏறினால்தான் அது நடந்தது என்று என் மனசு ஒப்புக்கொள்ளும். அந்தப் பழக்கம்தான் இன்று என் குடியைக் கெடுத்தது என்பதை முதலிலிருந்து எழுதினால்தான் உனக்கு விளங்கும்.

உன் அக்கா காக்கைக்கு வைக்காமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் பட்டினி கிடந்தவன் நான் என்பது உனக்குத் தெரியாது. மஞ்சக்குப்பம் வீட்டு மொட்டை மாடிச் சுவரில் ஒரு பிடி சோற்றை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். அது வந்து கொத்துகிற வரைக்கும் எனக்குத் தட்டு வராது. ஜமாபந்தி நாளில் தாசில்தார் காத்திருக்கிறார், பஸ் போய்விடும் என்று நான் தையா தக்கா என்று குதிப்பேன். "தாசில்தாரு நாளைக்கும் இருப்பாரு. அது பசியோட வந்து திரும்பிப் போச்சின்னா என்னா பண்றது?" என்பாள். ஒரு பறவைக்காக அரசு அலுவல் தாமதப்படுவது பற்றி நான் அவளிடம் பல தடவை விரிவாகப் பேசியிருக்கிறேன். அவள் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போன பொறவு எனக்கு ஒரு உருண்ட வெப்பீங்களா, இல்ல அன்னைக்கும் மீட்டிங்குன்னு கெளம்பிடுவீங்களா?" என்று கேட்டாள். நான் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இனிமேல் எனக்கு ஏது மீட்டிங் என்று பதில் சொன்னேன். அவள் கேட்டது அதுவல்ல என்று அப்போதே தெரியும். வைக்கிறேன் என்று சொன்னேன்தான். அவள் தூங்கின பிறகு சொன்னேன். அதை அவள் கேட்டாளா இல்லையா என்பது இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஜூன் மாசம் ராஜவேல் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தான். அவன் ஆப்பிள் குளிர்பதனக் கிடங்கில் மெஷின் பார்க்கிறான்; விடியற்காலையிலேயே போய்விடுவான். மருமகள் முதியோர் இல்லத்தில் நர்ஸ். ராத்திரி ஷிப்டு முடித்துக் காலையில் வந்து படுப்பாள். அவள் தூக்கம் கெடக்கூடாது என்று நான் பகல் முழுக்கப் பூனை நடை நடப்பேன். டம்ளரைக்கூடத் துண்டு விரித்து அதன்மேல்தான் வைப்பேன். தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. காய்கறி வண்டி கிடையாது, குழாயடிச் சண்டை கிடையாது, ஒரு மைக்செட் சத்தம் கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் குப்பை லாரி வரும். அதற்காகச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். டிரைவர் கையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். அந்த வாரத்துக்கு அவ்வளவுதான் பேச்சு. வெயில் அடிக்கிறதே என்று நம்பி வெளியே போனால் குளிரில் காது மரத்துப்போகிறது. ஐப்பசியில் அடைமழை பெய்யாமல் மரமெல்லாம் பூத்து நிற்கிறது. எதை நம்புவது என்றே தெரியவில்லை மச்சான்.

வந்த மறுநாளே ஒரு பிடி சோற்றை வேலிக் கட்டை மேல் வைத்துக் கா கா என்று கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. புது ஆள், பழகட்டும் என்று விட்டேன். பதினோரு நாள் விடாமல் வைத்தேன். சிட்டுக்குருவி வந்தது, கடல்புறா வந்தது, எதிர்வீட்டுப் பூனை வந்தது, கடைசியில் பின்வீட்டுக்காரரும் வந்தார். சோறு போட்டால் எலி வரும் என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ராஜவேலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, இந்தத் தெருவுல காக்காவே காணும்?"

"தெருவுல இல்லப்பா, ஊர்லயே கெடையாது."

"பக்கத்து ஊர்ல?"

"அப்பா, நாட்டுலயே கெடையாதுப்பா. அங்கங்க கொஞ்சம் அண்டங்காக்கா மாதிரி ஒண்ணு இருக்குன்றாங்க. நான் வந்து ஆறு வருசமாவுது, பாத்ததே இல்ல."

இந்த நாட்டில் பாம்பு இல்லை என்று சொன்னபோது சந்தோஷப்பட்டேன். காக்கை இல்லை என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. விமானம் ஏறுமுன் இதைச் சொல்லவேண்டாமா? விசாவுக்காக என் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தத்தை எடுத்தார்கள், பிறந்த தேதி, பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாம் கேட்டார்கள். உன் பெண்டாட்டி திதிக்கு என்ன செய்வாய் என்று ஒருத்தன் கேட்கவில்லை. ஊருக்கு வந்து செய்யலாம் என்றால் என் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பம் இங்கே ஆபீசில் கிடக்கிறது. அது முடிவதற்குள் வெளியே போனால் விண்ணப்பம் அதோடு தீர்ந்தது, திரும்ப வரமுடியாது என்று ராஜவேல் சொல்கிறான்.

அன்றிலிருந்து அண்ணாந்து பார்த்தபடி தெருத்தெருவாக நடப்பதே என் வேலையாகிப்போனது. பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மாள் இதைக் கவனித்திருக்கிறாள். எழுபத்து நாலு வயசு, தனி ஆள், ரிட்டயர்டு டீச்சர். நீங்களும் பறவை பார்ப்பவரா என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒரே ஒரு பறவையைப் பார்த்தால் போதும் என்று இங்கிலீஷில் சொல்ல வார்த்தை தேடுவதற்குள் ஒரு தொலைநோக்கியை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். சனிக்கிழமைதோறும் அவர்கள் சங்கம் கூடும். அதில் என்னையும் சேர்த்துவிட்டாள். பிச்சாவரத்துக்கு எங்கெங்கிருந்தோ கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து படகுக்குக் காத்துக் கிடப்பார்களே, அவர்களைப் பார்த்து நாம் எப்படிச் சிரித்திருப்போம்? அறுபது வருஷம் பக்கத்திலேயே இருந்து ஒரு நாரையைக்கூட நான் நிமிர்ந்து பார்த்தவன் இல்லை. அந்தப் பாவம் என்னை இத்தனை தூரம் துரத்தி வந்து பிடித்துக்கொண்டது.

பறவை பார்ப்பது நீ நினைக்கிற மாதிரி சுலபமில்லை. ஏரிக்கரையில் ஒரு மரப்பெட்டி போன்ற அறை. அதற்குள் பத்துப் பதினைந்து கிழங்கட்டைகள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இருமக்கூடாது, தும்மக்கூடாது, வெற்றிலை கேட்கவே வேண்டாம். இரண்டு மணி நேரம் கழித்துத் தூரத்தில் மண் நிறத்தில் ஏதோ அசையும். எல்லோரும் கண் கலங்கி நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பறக்கவே தெரியாத பறவைகள் இந்த ஊரில் நிறைய உண்டாம். பறக்காத பறவைக்கு எதற்குத் தொலைநோக்கி, பக்கத்தில் போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். மிச்சம் இருப்பதே கொஞ்சம், யாரும் பக்கத்தில் போகக்கூடாது என்றார்கள். மூன்றாவது சனிக்கிழமை, தலைக்கு மேலே பெரிய பருந்து ஒன்று வட்டமிட்டது. நிறம் கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் கருடன் என்று மனசில் பட்டதும் கை தானாக எழும்பிக் கன்னத்தில் பளார் பளார் என்று போட்டுக்கொண்டது, வாய் "நாராயணா!" என்று கத்திவிட்டது. ஏரியில் இருந்த அத்தனை பறவையும் ஒரே வீச்சில் எழுந்து போய்விட்டன. காலையிலிருந்து ஏதோ ஒரு கொக்குக்காகக் காத்திருந்த பெரியவர் ஒருவர் நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்து போனார். மார்கரெட் அம்மாள் மட்டும் என் கன்னத்தை உற்றுப் பார்த்து, குளவி எங்கே கொட்டியது என்று கேட்டாள்.

நோட்டு எழுதுவதில் மட்டும் என்னை மிஞ்ச ஆளில்லை. ஊரில் பயிர்க் கணக்கு எழுதும் அடங்கல் பதிவேடு போலவே கோடு கிழித்தேன். வரிசை எண், இனம், எண்ணிக்கை, இடத்தின் நான்கெல்லை, நீர் ஆதாரம், குறிப்பு. குறிப்பில், 'இடப்பக்கமாகப் போனது, எடுத்த காரியம் தாமதப்படும்' என்றும், 'ஆந்தை ஒன்று, சங்கத் தலைவர் வீட்டுக் கூரை, தலைவர் இந்த வாரம் வெளியூர்ப் பயணம் தவிர்க்கவும்' என்றும் இங்கிலீஷில் எழுதி வைத்தேன். பறவை போகும் திசையை இவ்வளவு கவனமாக யாரும் பதிந்ததில்லை என்று தலைவர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பயணமும் போகவில்லை என்று நினைக்கிறேன். நாலு மாசத்தில் நாற்பத்தோரு இனம் ஏறியது. காக்கை என்ற வரிசையில் வாராவாரம் 'இல்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன்.

காக்கைக்குப் பதில் வேறு ஏதாவது ஒப்புக்கொள்ளப்படுமா என்று பார்த்தேன். மாக்பை என்று ஒன்று உண்டு. கறுப்பும் வெள்ளையுமாக, துண்டு போர்த்திய காக்கை மாதிரி இருக்கும். சரி, அவசரத்துக்கு இது ஆகட்டும் என்று அதன் மரத்தடியில் சோற்றை வைத்துக் கூப்பிட்டேன். குஞ்சு பொரிக்கும் பருவமாம். மேலேயிருந்து அம்பு மாதிரி இறங்கி என் வழுக்கையில் ஒரு போடு போட்டது பார். ரத்தம் வந்துவிட்டது. மருமகள் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து மருந்து போட்டுவிட்டு, "மாமா, வெளிய போவசொல்ல தலையில எதையாச்சும் மாட்டிக்கினு போங்க" என்றாள். இரண்டு வாரம் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் தலையில் இட்லிச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனேன். அந்தக் கோலத்தில் குப்பை லாரிக்காரர் பார்த்தார். அன்று அவர் கையை ஆட்டவில்லை.

புரட்டாசி அமாவாசைக்கு நீ ஒரு யோசனை சொன்னாய், ஞாபகமிருக்கும். "மாமா, நீங்க ஏன் அங்க கெடந்து அல்லாடறீங்க? நான் நம்ம மாடியில வெக்கிறேன். போன ஸ்பீக்கர்ல போட்டு ஒசத்திப் புடிக்கிறேன். நீங்க அங்கருந்து கூப்புடுங்க, இங்க வந்து எடுத்துக்கும்" என்றாய். அங்கே மதியம், இங்கே விளக்கு வைக்கும் நேரம். குளித்து விபூதி பூசிக்கொண்டு சமையலறையில் நின்றேன். உன் வீட்டு மாடியில் காக்கைகள் கத்துகிற சத்தம் போனில் கேட்டது. மச்சான், மூன்று மாசத்துக்கு அப்புறம் அந்தச் சத்தம். இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டிக் கா கா என்று கத்தினேன். அப்புறம் உன் பக்கம் ஒரே அமைதி. என்ன ஆச்சு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா, ஒங்க கொரல் கேட்டிச்சி, பொசுக்குனு அத்தினியும் பறந்து போயிடுச்சி" என்றாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அக்காவுக்கு ஒங்க மேல கோவம் போலருக்கு" என்று சிரித்தாய்.

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கோபம் இருக்காதா பின்னே? வருஷம் திரும்புவதற்குள் அவள் இருந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு விமானம் ஏறினவன்தானே நான்? முப்பத்து மூன்று வருஷம் அவள் கூப்பிட்டபோது வந்த ஜீவன் என் குரலுக்குப் பறந்து போகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? திதிக்கு ஆள் வைத்துச் செய்யக்கூடாது, என் கையால் நானே வைக்கவேண்டும், என் கண் எதிரே அது எடுக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். அண்டங்காக்கை மாதிரி ஒன்று உண்டு என்று ராஜவேல் சொன்னானே, அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

கண்டும் பிடித்தேன். தீபாவளி அன்று. உன் அக்கா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை என்பதால் எங்களுக்குத் தீபாவளி கிடையாது; வீட்டில் உம்மென்று உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று ராஜவேல் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மேடும் பள்ளமுமாக ஆடு மேய்கிற நிலம். ஓரமாக வரிசையாகப் பைன் மரங்கள். காரை விட்டு இறங்கினேன், கரைகிற சத்தம் காதில் விழுந்தது, கால் நின்றுவிட்டது. உச்சிக் கிளைகளில் கன்னங்கரேலென்று பன்னிரண்டு. எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன், பன்னிரண்டுதான். ஐந்து கூடு. அசல் நம் காக்கை என்று சொல்லமுடியாது. மூக்கைச் சுற்றி விபூதி பூசினது போல வெளுத்திருந்தது. விபூதி பூசின காக்கையைச் சிதம்பரத்துக்காரர்களான நாம் வேண்டாம் என்போமா? ராஜவேல் போட்டோ எடுக்கிறான், நான் மரத்தடியில் நின்று குழந்தை மாதிரி அழுகிறேன். நான் சத்தம் போட்டு அழுதும் அவை பறந்து போகவில்லை மச்சான். தலையைச் சாய்த்துப் பார்த்தன. திதிக்கு இங்கேதான் வரவேண்டும் என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொண்டு வந்தோம். அன்று ராத்திரிதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்போது என் புத்தி போன கதையைக் கேள். மூன்றாம் நாள் நூலகத்துக்குப் போனேன். அங்கே பலகையில் ஒரு நோட்டீஸ். அதே பறவையின் கலர் போட்டோ. கீழே, இதைப் பார்த்தீர்களா, உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள் என்று பெரிய எழுத்து. இலவச போன் நம்பர், ஆபீஸ் விலாசம். நீயே சொல், போட்டோ போட்டு, பார்த்தால் தெரிவிக்கவும் என்று நம்பரும் போட்டிருந்தால் நம் ஊரில் அதற்குப் பெயர் என்ன? காணவில்லை என்று அர்த்தம். கடலூர் பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க அதுதானே ஒட்டியிருக்கும்? வீட்டை விட்டுப் போன பெரியவர், மனநிலை சரியில்லாத பையன், கண்டுபிடித்துக் கொடுத்தால் தக்க சன்மானம். சர்க்காரே இந்தப் பறவையைக் காணாமல் தவித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டேன். மிச்சம் இருப்பதே கொஞ்சம் என்று சங்கத்தில் சொல்லிச் சொல்லி என் மண்டையில் அதுதான் ஏறியிருந்தது. என் காக்கைக்கு இனி அரசாங்கப் பாதுகாப்பு, வேலி, வாட்ச்மேன் எல்லாம் வரும் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேடப்படும் குற்றவாளி என்றும் ஒரு நோட்டீஸ் உண்டு என்பது அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு அறிக்கை எழுதினேன் பார், என் சர்வீஸில் அப்படி ஒன்று எழுதியதில்லை. இனம், எண்ணிக்கை பன்னிரண்டு, கூடு ஐந்து, எந்த மரத்தில் எத்தனையாவது கிளை, நான்கெல்லை, பாதை விவரம், வண்டி எதுவரைக்கும் போகும், பறவைகள் காலையில் எத்தனை மணிக்கு இரைக்குப் போகும், எத்தனை மணிக்கு அடையும். இந்த விவரத்துக்காகவே மார்கரெட் அம்மாளைக் காரோட்டச் சொல்லி இன்னொரு தடவை போய்வந்தேன். சங்கத்து வேலை என்று அவளிடம் சொல்லியிருந்தேன். நிலத்துக்குப் போடும் புலப்படம் மாதிரி அளவுக் குறிப்போடு வரைந்து இணைத்தேன். மூன்று பிரதி. கீழே, தங்கள் உண்மையுள்ள கோவிந்தசாமி, கிராம நிர்வாக அலுவலர், ஓய்வு. நாலே நாளில் ஒரு அதிகாரி போன் செய்து நன்றி சொன்னார். இவ்வளவு தெளிவான தகவல் எங்களுக்கு இதுவரை வந்ததில்லை என்றார். இருபத்தேழு வருஷத்தில் எந்தத் தாசில்தாரும் என்னிடம் அந்த வார்த்தை சொன்னதில்லை. நான் நின்றுகொண்டே பேசினேன். உன் அக்காவின் படத்துக்கு முன்னால் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இன்று மருமகள் ஷிப்டு முடித்து வந்தவள் படுக்காமல் நேரே அடுப்படிக்குப் போனாள். ராஜவேல் லீவு போட்டான். உறைந்துபோன வாழையிலை ஒரு கடையில் கிடைத்தது. அதை வெந்நீரில் போட்டு எடுத்துக்கொண்டோம். பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டர் போனோம். மரத்தடியில் ஒரு லாரி நின்றது. பாதுகாப்புக்கு வந்துவிட்டார்கள் என்று நான் ராஜவேலிடம் சொன்னேன். மரத்தில் சத்தமில்லை. இரைக்குப் போயிருக்கும் என்றேன். இரைக்குப் போகும் நேரம் அது இல்லை என்பதை எழுதிக் கொடுத்தவனே நான்தான். லாரிக்காரப் பையன் இறங்கி வந்தான். என் பெயரைக் கேட்டான். சொன்னதும் முகம் மலர்ந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினான். அவன் சொன்னதை ராஜவேல் மொழிபெயர்க்கவில்லை, எனக்கே புரிந்துவிட்டது. இந்தப் பறவை விதைத்த விதையைக் கிளறித் தின்றுவிடுமாம். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்ததாம். ஒன்றுவிடாமல் ஒழிக்கவேண்டும் என்று உத்தரவாம். முந்தாநாள் ஹெலிகாப்டரில் வந்து கூடுகளில் மருந்து வைத்தார்கள். உங்கள் படம் இல்லாவிட்டால் கண்டுபிடித்தே இருக்கமாட்டோம், பன்னிரண்டும் தீர்ந்தது என்றான். பயிர்ச் சேதத்துக்கு மனு வாங்கி வாங்கிக் கை தேய்ந்தவன் நான். அவனை ஒரு வார்த்தை குறை சொல்லக்கூட எனக்கு வாய் இல்லை. எனக்கு ஒரு தொப்பி கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

அவன் போன பிறகு இலையை விரித்துப் பரிமாறினேன். கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டுப் பறந்து போவதற்குக்கூட அங்கே ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா என்னிடம் வாயைத் திறந்து கேட்டது வாழ்க்கையில் ஒன்றே ஒன்று மச்சான். நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. ஒரு உருண்டை சோறு. அதைக்கூட அவள் வாய்க்குப் போய்ச் சேராமல் ரிப்போர்ட் எழுதித் தடுத்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் ராஜவேல் வெடித்துவிட்டான். "ஏம்பா, எதப் பாத்தாலும் எழுதித்தான் ஆவணுமா? பாத்தமா, வந்தமான்னு இருக்க மாட்டியா?" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சரி உடுப்பா. வா, சாப்புடலாம். ஒன்னப் பட்டினி போடணும்னா அம்மா நெனச்சிச்சி?" என்றான். "அவ பட்டினியா இருக்காடா" என்றேன். அவன் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மருமகள் மோர் கொண்டுவந்து வைத்தாள். "நீ சாப்புடும்மா, வேலைக்குப் போவணும்" என்றால், "நீங்க சாப்புடாம நான் எப்பிடி மாமா?" என்கிறாள். என்னால் இப்போது மூன்று பேர் பட்டினி. உன் அக்காவையும் சேர்த்தால் நாலு.

ஆகவே மச்சான், நான் முடிவெடுத்துவிட்டேன். நான் ஊருக்கு வந்துவிடுகிறேன். விண்ணப்பம் போனால் போகட்டும். மஞ்சக்குப்பம் வீட்டில் குடியிருக்கும் சார்லஸிடம் பக்குவமாகச் சொல்லித் தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல். நல்ல பையன், மனைவி பிரிசில்லாவுக்கும் அங்கே ஸ்கூல் வேலை. சங்கடம்தான், இருந்தாலும் சொல். மாடிச் சுவரை மட்டும் இடித்துக் கிடித்து வைக்கவேண்டாம் என்று உடனே சொல்லிவிடு. மிச்ச காலத்தை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழித்துவிட்டுப் போகிறேன்.

உன் பெண் தமிழினி நல்லபடி படித்து நல்ல இடத்தில் உட்கார என் ஆசீர்வாதம். தங்கச்சி செல்லாயிக்கு என் விசாரிப்பு. மூட்டு வலிக்குத் தைலம் தேய்ப்பதை நிறுத்தவேண்டாம். எல்லோருக்கும் எல்லா நலமும் அம்பலத்தில் ஆடுகிறவன் கொடுக்கட்டும். எனக்குக் கொடுப்பதற்கு அவனிடம் ஒன்றும் மிச்சமிருப்பதாகத் தெரியவில்லை.

இப்படிக்கு,
தன் கையெழுத்தாலேயே கெட்ட,
உன் மாமா கோவிந்தசாமி.

பி.கு.: மாலை மணி ஆறரை. சார்லஸிடம் எதுவும் சொல்லவேண்டாம். இந்தப் பக்கத்துக்கு வருமுன்பே போன் போட்டுச் சொல்லியிருந்தால் மாமாவுக்குக் கொஞ்சம் புத்தி பிசகியிருந்தது என்று சொல்லிவிடு. மருமகள் வேலியோரம் நின்று மார்கரெட் அம்மாளிடம் விஷயத்தைச் சொல்லி அழுதிருக்கிறாள். அந்த அம்மாள் உடனே காரை எடுத்துக்கொண்டு தனியாக அந்த மரத்தடிக்குப் போயிருக்கிறாள். சற்று முன்னால் தலையெல்லாம் பைன் ஊசியும் முழங்காலில் சிராய்ப்புமாக ஒரு செருப்புப் பெட்டியோடு வந்து நின்றாள். உள்ளே ஒரு குஞ்சு. புதருக்குள் விழுந்து கிடந்ததாம். இறக்கை சரியாக முளைக்கவில்லை, வாய் மட்டும்தான் இருந்தது. எனக்குக் கூப்பிடக் குரல் வரவில்லை; கையை மட்டும் நீட்டினேன். வாயைப் பிளந்து வாங்கியது மச்சான். நாலு உருண்டை. பறக்கத் தெரியாததால்தான் என் கையில் வாங்கியது என்று ராஜவேல் சொல்கிறான். சொல்லிவிட்டுப் போகட்டும். இதை வீட்டில் வைத்திருப்பது இங்கே குற்றமாம்; உடனே எழுதித் தெரிவிக்கவேண்டுமாம். நான் என் நோட்டை மூடி அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டேன். நீயும் இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. மார்கரெட் அம்மாளையும் உட்காரவைத்து நாலு பேரும் சாப்பிட்டோம். வடை ஆறியும் நன்றாக இருந்தது. ஒன்று சொல்ல விட்டுப்போனது. பொரியலில் இருந்த கத்தரிக்காயை மட்டும் அது வெளியே தள்ளிவிட்டது. மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் தள்ளியது. உன் அக்காவும் கத்தரிக்காயைக் கையால் தொடமாட்டாள். மருமகளுக்கு அது தெரியாது, நான்தான் சொல்லியிருக்கவேண்டும். அடுத்த வருஷம் புடலங்காய் போடச் சொல்லியிருக்கிறேன்.